அணுக்கழிவைப் புதைக்க இடம் தேர்வது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளையும், அதை மறுபதப்படுத்தும்போது மிஞ்சும் உயர்நிலைக் கழிவையும் நிலத்தின் ஆழத்தில் நிரந்தரமாக வைப்பதற்கு இடம் தேர்வது எப்படி என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நிலவியல் மாணவர்களுக்கு இடத்தேர்வுப் பயிற்சி நடத்தும்போதெல்லாம் ஒரே தடுமாற்றத்தைப் பார்க்கிறேன். வரைபடம் கைக்கு வந்ததும் ஆள் நடமாட்டமில்லாத பாலைவனத்தையோ கைவிடப்பட்ட சுரங்கத்தையோ தேடிப் பிடித்து வட்டம் போட்டுவிட்டு, அந்த இடம் ஏன் பொருத்தமானது என்பதற்கான காரணங்களை அதன் பிறகே திரட்டத் தொடங்குகிறார்கள். அனுபவமுள்ள அரசுகளே இதைச் செய்து பல பத்தாண்டுகளை இழந்திருக்கின்றன. வரிசை தலைகீழாகிவிட்டால், பின்னால் எவ்வளவு நல்ல அறிவியலைச் சேர்த்தாலும் முடிவு நிலைப்பதில்லை.

மருத்துவமனைக் கழிவு, உலைகளில் சேரும் கையுறை, வடிகட்டி போன்ற தாழ்நிலைக் கழிவுகளுக்கு மேற்பரப்புக்கு அருகிலேயே இடம் போதும். அவற்றின் தேர்வுமுறை வேறு. இங்கே அது வராது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, பணம். கழிவை உண்டாக்குபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற சட்டமும், மின்சாரம் விற்கும் காலத்திலேயே சேர்த்துவைக்கும் நிதியும் வேண்டும். உலை மூடிய பிறகு வசூலிக்கலாம் என்று விட்டால் வசூலிக்க ஆள் இருக்காது.

இரண்டாவது, இடத்தைத் தேடும் நிறுவனத்திலிருந்து முற்றிலும் பிரிந்து நிற்கும் ஒழுங்குமுறை ஆணையம். தேடுபவரே தேர்வையும் சரிபார்த்தால் வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதையாகிவிடும்.

மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: நல்ல இடைக்காலச் சேமிப்பு. சுவீடனில் 1985 முதல் ஓஸ்கார்ஷாம் அருகே ‘கிளாப்’ என்ற பொதுச் சேமிப்பகம் இயங்குகிறது. எரிந்த எரிபொருள் அங்கே நீர்த்தொட்டிகளில் குளிர்ந்துகொண்டிருக்கிறது. அது இருந்ததால்தான் ஓர் ஊர் மறுத்தபோது அவர்களால் பதற்றமின்றித் திரும்பிப் போக முடிந்தது. சேமிக்க இடமில்லாத நாடு, கிடைத்த இடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும். பின்லாந்தில் நாடளாவிய சல்லடையிடல் 1983-இல் தொடங்கி, இடம் முடிவாக 2000 ஆகிவிட்டது. சுவீடனுக்கு 1977-இல் தொடங்கிய சோதனைத் துளைகளிலிருந்து 2009 வரை ஆனது. இவ்வளவு காலம் பொறுத்திருக்க வசதி இல்லாவிட்டால், இடத்தைத் தேடுவதற்கு முன் சேமிப்பகத்தைக் கட்டுவதே சரி.

1. கழிவின் கணக்கை எடுங்கள்

என்ன கழிவு, எவ்வளவு, எந்த வேதி வடிவில், எத்தனை ஆண்டுகள் குளிர்ந்த பின் வரும் என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். பாறையிடம் நாம் கேட்கப்போவது என்ன என்பதை இந்தக் கணக்குதான் சொல்கிறது.

சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 இரண்டின் அரை ஆயுளும் ஏறக்குறைய 30 ஆண்டுகள். தொடக்க காலத்து வெப்பத்தில் பெரும்பங்கு இவற்றுடையது. புளூட்டோனியம்-239-இன் அரை ஆயுள் 24,100 ஆண்டுகள் என்பதால் புதியவர்களின் பார்வை அதன் மேலேயே நிற்கும். ஆனால் ஆக்சிஜன் இல்லாத ஆழ்நிலத்தடி நீரில் புளூட்டோனியம் மிகமிகக் குறைவாகத்தான் கரைகிறது. கரைந்ததும் களிமண்ணிலும் பாறைப் பரப்பிலும் ஒட்டிக்கொள்கிறது. நெடுங்காலக் கணக்கில் அடிக்கடி முன்னால் வந்து நிற்பவை அயோடின்-129, குளோரின்-36 போன்றவை. அவை நீரில் எதிர்மின் அயனிகளாக இருப்பதால் களிமண் அவற்றைப் பிடித்துவைப்பதில்லை. அயோடின்-129-இன் அரை ஆயுளோ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஆக, நஞ்சின் வீரியத்தைப் போலவே அது நீரோடு நகருமா என்பதையும் பட்டியலில் ஒரு தனிப் பத்தியாக எழுதிவைக்க வேண்டும்.

அடுத்து வெப்பம். புதைப்பிடத்தின் பரப்பளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கழிவின் கன அளவு அல்ல, அது விடும் வெப்பம்தான். சுவீடனின் முறையில் ஒரு செம்புக் கலம் புதைக்கப்படும் நேரத்தில் அதிகபட்சம் 1,700 வாட் வெப்பம் விடலாம். அதைச் சுற்றி நிரப்பும் பென்டோனைட் களிமண் 100 டிகிரி செல்சியசைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு எண்களும் பாறையின் வெப்பக் கடத்துதிறனும் சேர்ந்து, கலத்துக்கும் கலத்துக்கும் இடையே எத்தனை மீட்டர் விட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகின்றன. அந்த இடைவெளியைக் கணக்கிடாமல் வரைபடத்தில் ஒரு சிறு பாறைத் திட்டைக் காட்டி ‘இது போதும்’ என்பது வழக்கமாக நடக்கும் பிழை.

மொத்த அளவை இப்போதே அறுதியிட்டுவிடுங்கள். பின்லாந்தில் போசிவா நிறுவனத்தின் புதைப்பிடம் 6,500 டன் யுரேனியத்துக்குத் திட்டமிடப்பட்டது. ஊரிடம் ஓர் அளவைச் சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டுப் பின்னால் அதைக் கூட்டினால், பழைய சம்மதம் அதற்குச் செல்லாது.

2. பாறையையும் அரண்களையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்

‘நல்ல பாறை’ என்று தனியாக ஒன்று கிடையாது. கலம், அதைச் சுற்றிய நிரப்பு, பாறை மூன்றும் சேர்ந்துதான் கழிவை அடைத்துவைக்கின்றன. ஒன்றின் பலவீனத்தை மற்றொன்று ஈடுகட்ட வேண்டும்.

கிரானைட், நைஸ் போன்ற படிகப் பாறை வலுவானது. குடைந்தால் அப்படியே நிற்கும். ஆனால் விரிசல் இல்லாத கிரானைட் இல்லை. அந்த விரிசல்களில் நீர் ஓடும் என்பதால், பின்லாந்தும் சுவீடனும் பாரத்தின் பெரும்பகுதியைக் கலத்தின் மேல் ஏற்றியிருக்கின்றன: 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள செம்பு, உள்ளே வார்ப்பிரும்பு, வெளியே நீர் பட்டால் உப்பி இறுகும் பென்டோனைட். பாறை அந்தக் கலத்துக்கு அமைதியான வேதிச் சூழலைத் தருகிறது.

களிமண் பாறையில் கதை வேறு. பிரான்சின் பூர் பகுதியிலும் வடக்கு சுவிட்சர்லாந்திலும் உள்ள களிமண் அடுக்குகளில் நீர் ஓடுவதே இல்லை என்று சொல்லுமளவுக்கு இயக்கம் குறைவு. கரைந்த பொருள்கள் மெல்லப் பரவித்தான் நகர முடியும். சிறு விரிசல்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். அங்கே முதன்மை அரண் பாறையே. பதிலாக, சுரங்கத்துக்கு வலுவான தாங்குசுவர் வேண்டும், வெப்பமும் எளிதில் கடந்து போகாது. உப்புப் பாறை வெப்பத்தை நன்றாகக் கடத்தும், குடைந்த வெளியை மெல்ல நெருக்கி மூடிவிடும். ஆனால் வெளியிலிருந்து நீர் நுழைந்தால் கரைந்துபோகும்.

எனவே ஒரு பாறைக்கான அளவுகோலை இன்னொன்றுக்குத் தூக்கிப் போடாதீர்கள். ‘அடியில் ஒரு கிலோமீட்டருக்குக் கிரானைட் இருக்கிறது, அதனால் பாதுகாப்பானது’ என்ற வாக்கியத்தைப் பயிற்சி அறிக்கைகளில் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அந்தக் கிரானைட்டில் எத்தனை மீட்டருக்கு ஒரு நீரோடும் விரிசல் இருக்கிறது என்று தெரியாதவரை அந்த வாக்கியத்துக்குப் பொருளில்லை.

3. விதிகளை எழுதி வெளியிட்ட பிறகே வரைபடத்தைத் திறங்கள்

இதுதான் மிகுதியாக மீறப்படும் படி. எந்தக் காரணத்துக்காக ஓர் இடம் விலக்கப்படும், எதன் அடிப்படையில் ஒப்பிடப்படும், யார் எப்போது முடிவெடுப்பார், ஊர் எதுவரை மறுக்கலாம் என்பவை அனைத்தும் எந்த ஊரின் பெயரும் வாயில் வருவதற்கு முன்பே அச்சில் வந்திருக்க வேண்டும். பெயர் வந்த பின் எழுதப்படும் விதி, அந்தப் பெயருக்காக எழுதப்பட்டதாகவே மக்கள் கண்ணுக்குத் தெரியும். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.

ஜெர்மனி 1977-இல் கோர்லேபென் உப்புத் திட்டைத் தேர்ந்தது. ஏன் அந்த ஊர் என்ற கேள்விக்கு எல்லோரும் ஏற்கத்தக்க பதில் இல்லாததால், போராட்டம் தலைமுறைகளைத் தாண்டி நீடித்தது. முடிவில் 2013-இல் ஓர் இடத்தேர்வுச் சட்டம் இயற்றி, 2017-இல் அதைத் திருத்தி, நாடு முழுவதையும் வெற்று வரைபடமாக வைத்து முதலிலிருந்து தொடங்கினார்கள். 2020 செப்டம்பர் 28 அன்று வெளியான முதல் இடைக்கால அறிக்கையில் 90 பகுதிகள் மீந்தன. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 54 விழுக்காடு. அதில் கோர்லேபென் இல்லை.

அமெரிக்காவில் நேர்ந்தது இதன் மறுபக்கம். 1982-ஆம் ஆண்டுச் சட்டம் பல இடங்களை ஒப்பிட்டுத் தேர்வதற்கு ஒழுங்கான வழியைத்தான் வகுத்தது. ஆனால் 1987 டிசம்பரில் காங்கிரஸ் அதைத் திருத்தி, நெவாடாவின் யுக்கா மலையை மட்டும் ஆராய்ந்தால் போதும் என்றது. 2002-இல் நெவாடா மறுத்ததும் காங்கிரஸ் அந்த மறுப்பைத் தள்ளுபடி செய்தது. 2008-இல் உரிம விண்ணப்பம் போனது. 2010-இல் அரசே அதைத் திரும்பப் பெற முயன்றது. அந்த மலையின் பாறையைப் பற்றிக் குவிந்த ஆய்வுகள் உலகில் வேறெந்த இடத்துக்கும் நடந்தவற்றுக்குக் குறைந்தவை அல்ல. நடுவில் விதி மாறியதை அவற்றால் ஈடுகட்ட முடியவில்லை.

4. விலக்க வேண்டியவற்றை முதலில் விலக்குங்கள்

இந்தக் கட்டத்தில் சிறந்த இடத்தைத் தேடக் கூடாது. தகுதியற்றவற்றை நீக்குவது மட்டுமே வேலை. சிறந்ததைத் தேடும் கண், தனக்குப் பிடித்த இடத்தின் குறைகளைத் தாண்டிப் போய்விடும் என்பதே காரணம்.

ஜெர்மனியின் சட்டத்திலுள்ள பட்டியல் தொடங்குவதற்கு நல்ல மாதிரி. பத்து லட்சம் ஆண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு 1 மில்லிமீட்டருக்கு மேல் நிலம் உயரக்கூடிய பகுதி, உயிரோட்டமுள்ள பிளவுப் பெயர்ச்சிகள், நில அதிர்வு மிகுந்த பகுதி, எரிமலை வாய்ப்புள்ள பகுதி, பழைய சுரங்கங்களாலும் துளைகளாலும் சேதப்பட்ட பாறை, அண்மைக் காலத்தில் மேலிருந்து இறங்கிய இளம் நிலத்தடி நீர் ஆழத்திலும் காணப்படும் இடம் ஆகியவை நீங்கும். அதற்குப் பின் குறைந்தபட்சத் தேவைகள்: அடைத்துவைக்கும் பாறைப் பகுதி மேற்பரப்பிலிருந்து குறைந்தது 300 மீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும், பொதுவாக 100 மீட்டர் தடிமன் வேண்டும், நீர் கடத்துதிறன் நொடிக்கு ஒரு மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும்.

பழைய சுரங்கங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்களை அவை காந்தம் போல இழுக்கின்றன. குடைந்த வெளி தயாராக இருக்கிறது, செலவு மிச்சம் என்று தோன்றும். ஆனால் சுரங்கம் கனிமத்தைத் தேடி வெட்டப்பட்டது. பாறையைக் காப்பதற்காக அல்ல. வெடி வைத்த அதிர்ச்சி, பதிவேட்டில் இல்லாத துளைகள், நீர் புகும் வழிகள் எல்லாம் அதில் இருக்கும்.

கான்சஸ் மாநிலத்தின் லையன்ஸ் உப்புச் சுரங்கத்தை அமெரிக்க அணுசக்தி ஆணையம் 1970-இல் உத்தேசமாகத் தேர்ந்தது. பிறகு பார்த்தால், சுற்றுவட்டாரத்தில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் போட்ட பழைய துளைகள் உப்பு அடுக்கை ஊடுருவிச் சென்றிருந்தன. பக்கத்துச் சுரங்கத்தில் உப்பைக் கரைத்தெடுக்கச் செலுத்திய நீரில் பெருமளவு எங்கே போனதென்றே தெரியவில்லை. 1972-க்குள் திட்டம் கைவிடப்பட்டது. அங்கே கழிவு உள்ளே போகும் முன் தெரிந்தது. ஜெர்மனியின் ஆஸ்ஸே உப்புச் சுரங்கத்தில் அப்படி நடக்கவில்லை. 1967 முதல் 1978 வரை ஏறத்தாழ 1,26,000 கலன்களில் தாழ்நிலை, இடைநிலைக் கழிவுகளை வைத்தார்கள். பிற்பாடு நாளொன்றுக்குப் பன்னிரண்டு கனமீட்டர் அளவுக்கு உப்புநீர் உள்ளே வந்துகொண்டிருப்பதைச் சமாளிக்க வேண்டிவந்து, வைத்ததை எல்லாம் மீட்டெடுக்க வேண்டும் என்று சட்டம் போடும் நிலை ஏற்பட்டது.

நம் பக்கத்திலும் கைவிடப்பட்ட சுரங்கம் என்றதும் கோலார் தங்கவயலைச் சொல்பவர்கள் உண்டு. 1980-களில் அங்கே ஏறக்குறைய 1,000 மீட்டர் ஆழத்தில், வெப்பம் பாறையை என்ன செய்கிறது என்று அறிய மின்சூடேற்றிகளை வைத்துச் சோதனை செய்தார்கள். அது பாறையின் நடத்தையைப் படிக்கும் சோதனை. ஒரு சுரங்கம் சோதனைக்கூடமாகப் பயன்பட்டது என்பதால் அது புதைப்பிடமாகவும் தகும் என்று முடிவுகட்டக் கூடாது.

பாலைவனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே காய்ந்திருப்பது இன்றைய வானிலை. நாம் கணக்கிடுவதோ பத்து லட்சம் ஆண்டுகளை. யுக்கா மலையில் கழிவை நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே, காற்றோட்டமுள்ள பாறையில் வைக்கத் திட்டமிட்டார்கள். நீர் குறைவு என்பது உண்மைதான், ஆனால் அங்கே ஆக்சிஜன் இருக்கிறது. எரிந்த எரிபொருளிலுள்ள யுரேனியம் ஆக்சிஜனோடு சேர்ந்தால்தான் எளிதில் கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. என் கணிப்பில், நீர் நிறைந்திருந்தும் அசையாமல், ஆக்சிஜன் இல்லாமல் கிடக்கும் ஆழப் பாறையே நம்பத்தகுந்தது.

எதிர்காலத்தில் யாராவது தோண்டக்கூடிய வளம் அடியில் இருந்தாலும் விலக்குங்கள். எண்ணெய், எரிவாயு, பொட்டாஷ், குடிக்கத்தக்க ஆழ்நீர் எதுவானாலும் சரி. புதைப்பிடம் இருப்பதை மறந்துபோன ஒரு தலைமுறை துளை போடும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கிட வேண்டும்.

கடைசியாக, தரவு இல்லாத பகுதியை நல்ல பகுதியாகக் காட்டாதீர்கள். துளையே போடாத இடத்தில் விரிசலும் வரைபடத்தில் தெரியாது. அதைத் ‘தெரியவில்லை’ என்று தனி நிறத்தில் காட்டுவதே நேர்மை.

5. மீந்தவற்றை ஒப்பிடுங்கள், ஒன்றை மட்டும் கையில் வைக்காதீர்கள்

ஒவ்வோர் அளவுகோலுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்த்து முதலிடம் கொடுப்பது எளிது, தவறானது. சாலை வசதிக்குக் கிடைத்த மதிப்பெண், நீரோட்டத்தில் இழந்ததை ஈடுகட்டிவிடும். பாதுகாப்பு அளவுகோல்களை முதலில் தனியே ஒப்பிட்டு, அவற்றில் வேறுபாடு இல்லாதபோது மட்டும் செலவையும் வசதியையும் கொண்டுவாருங்கள்.

சுவிட்சர்லாந்தில் நடந்ததை இதற்காகவே எடுத்துக்காட்டுவேன். அங்கே அணுக்கழிவுக்கு இடம் தேடும் நாக்ரா நிறுவனம் 2015-இல், கட்டுமானச் சிக்கல்களைக் கருதி, நோர்ட்லிஷ் லேகர்ன் பகுதியை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டை மட்டும் தொடர்ந்து ஆராயலாம் என்றது. ஒழுங்குமுறை ஆணையம் அந்தக் காரணங்கள் போதாது என்று சொல்லி மூன்றையும் வைத்திருக்கச் செய்தது. துளைகள் போட்டு முடித்து 2022 செப்டம்பரில் நாக்ரா முன்மொழிந்த இடம் அதே நோர்ட்லிஷ் லேகர்ன்தான். முன்னரே கழித்திருந்தால் அது போயே போயிருக்கும். ஆணையம் தனித்து நிற்க வேண்டும் என்று மேலே சொன்னதன் காரணமும் இதில் தெரியும்.

6. துளையிடும் முன் ஊரின் சம்மதத்தைப் பெறுங்கள்

நிலவியலாளர்கள் இந்தப் படியை மக்கள் தொடர்பு அலுவலரிடம் ஒப்படைத்துவிட்டுத் துளையிடப் போய்விடுகிறார்கள். சுவீடனும் முதலில் அப்படித்தான் செய்தது. 1977 முதல் 1985 வரை பல ஊர்களில் சோதனைத் துளை போடப்போய் எதிர்ப்பைச் சந்தித்த பிறகு, அங்கே அணுக்கழிவைப் புதைக்கும் பொறுப்பிலுள்ள எஸ்.கே.பி. நிறுவனம் 1992-இல் நாட்டின் எல்லா நகராட்சிகளுக்கும் கடிதம் எழுதியது: முன்னாய்வுக்கு விருப்பமுண்டா என்று. ஸ்டூருமன், மாலோ ஆகிய இரண்டு வடக்கு நகராட்சிகளில் முன்னாய்வு முடிந்தபின் வாக்கெடுப்பு நடந்தது. 1995-இல் முதலாவதும் 1997-இல் இரண்டாவதும் ‘வேண்டாம்’ என்றன. நிறுவனம் வெளியேறியது. ‘வேண்டாம்’ என்றால் உண்மையிலேயே போய்விடுவார்கள் என்பதைக் கண்ணால் கண்ட மற்ற ஊர்கள் அதன் பின்னரே நம்பிப் பேச வந்தன என்று நான் கருதுகிறேன்.

ஊரை அணுகும் முன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் விடை இருக்கட்டும்.

யாருடைய சம்மதம்? இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் 2013 ஜனவரியில் கோப்லண்ட் உள்ளாட்சி தொடரலாம் என்றது. அதற்கு மேலுள்ள கம்ப்ரியா மாவட்ட மன்றம் கூடாது என்றது. முயற்சி அங்கேயே நின்றது. எந்த அடுக்கின் சொல் செல்லும் என்பதை முன்பே தீர்க்காததால் வரும் முட்டுச்சந்து இது. கனடா 2010-இல் தொடங்கிய தேடலில் 22 சமூகங்கள் ஆர்வம் காட்டின. 2024 நவம்பரில் ஒன்ராறியோவின் வடமேற்கில் இடம் அறிவிக்கப்பட்டபோது, இக்னேஸ் நகரமும், அந்நிலத்தின் முதற்குடி மக்களான வாபிகூன் லேக் ஒஜிப்வே சமூகமும் தனித்தனியே இசைவு தெரிவித்திருந்தன. நிலத்தின் மேல் பாரம்பரிய உரிமை உள்ளவர்களை ‘பங்குதாரர்கள்’ பட்டியலின் கடைசியில் போடுவது அநீதி. திட்டத்தையும் அது நிற்கவிடாது.

எதுவரை மறுக்கலாம்? பின்லாந்தின் 1987-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டம் ஊராட்சிக்கு முழுமையான மறுப்புரிமை தந்தது. அரசு நினைத்தாலும் அதை மீற முடியாது. புதைப்பிடத்துக்குத் தேர்வான ஓல்கிலுவோட்டோ அடங்கிய யூராயோக்கி ஊராட்சியின் மன்றம் 2000 ஜனவரியில் 20-க்கு 7 என்ற வாக்கில் ஒப்புக்கொண்டது; நாடாளுமன்றம் 2001 மே மாதம் 159-க்கு 3 என்று உறுதிசெய்தது. மறுக்க முடியாதவரின் சம்மதத்துக்கு மதிப்பில்லை.

ஊருக்கு யார் விளக்குவது? சுவீடனில் நகராட்சிகள் தங்களுக்கென வல்லுநர்களை அமர்த்திக்கொள்ளக் கழிவு நிதியிலிருந்தே பணம் கிடைத்தது. இது இல்லாவிட்டால், ஊர் மக்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் இடம் தேடும் நிறுவனமே பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

பணம் எப்படி? 2009-இல் சுவீடனில் போட்ட ஒப்பந்தத்தில், வளர்ச்சிப் பணிகளுக்கான தொகையில் 75 விழுக்காடு தேர்வாகாத நகராட்சிக்கு என்று வகுத்தார்கள். பணத்துக்காகப் பாறையை விற்றார்கள் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லாமல் போனது. முறை வகுக்காமல் தொகையை மட்டும் நீட்டினால் அது கையூட்டாகவே தெரியும்.

ஊர்ப் பெயரை மக்கள் எங்கிருந்து முதலில் கேள்விப்படுகிறார்கள் என்பதும் முக்கியம். 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது கழிவைப் புதைக்கும் இடமாகக் கோலார் தங்கவயலின் பெயர் அடிபட, கோலாரில் உடனே போராட்டம் எழுந்தது. அப்படிப்பட்ட திட்டமில்லை என்று அரசுத் தரப்பு விளக்க வேண்டிவந்தது. நீதிமன்றச் செய்தியில் தன் ஊர்ப் பெயரைப் படித்தவரிடம் பிறகு போய் அறிவியல் பேசுவது மிகக் கடினம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பின்லாந்தில் தேர்வான ஓல்கிலுவோட்டோவும் சுவீடனில் தேர்வான ஃபோர்ஸ்மார்க்கும் ஏற்கெனவே அணு உலைகள் உள்ள இடங்கள். பழக்கம் அச்சத்தைக் குறைக்கும், பாறையைச் சீராக்காது. அதனால்தான் நான்காம் படியை இதற்கு முன்னால் வைத்திருக்கிறேன்: அழைப்பு, சல்லடையைத் தாண்டிய பகுதிகளுக்கு மட்டும் போகட்டும்.

7. துளையிட்டு, பாறையையும் நீரையும் வாசியுங்கள்

முதலில் வான்வழிக் காந்த அளவீடு, நில அதிர்வலை ஆய்வு, மேற்பரப்புக் கோடுகளின் வரைபடம். பெரிய பிளவு மண்டலங்கள் எங்கே என்று இவற்றால் ஊகித்த பிறகே ஆழ்துளை. அப்போதுதான் ஒவ்வொரு துளையும் ஒரு கேள்விக்கு விடை தேடிப் போகும். புதைப்பிடம் வரப்போகும் பாறையின் நடுவே துளைகளைச் சிக்கனமாகப் போடுங்கள். நாம் போடும் துளையே பின்னாளில் நீருக்கு வழியாகலாம். ஒவ்வொன்றையும் எப்படி அடைப்பது என்ற திட்டம் துளைக்கு முன்பே வேண்டும்.

பெட்டிகளில் வரிசையாக அடுக்கிய பாறை உருளைகளை வாசிப்பதில்தான் பயிற்சி தேவை. உருளை உடைந்திருக்கும் ஒவ்வோர் இடத்திலும் முதல் கேள்வி: இது பாறையில் இருந்த விரிசலா, துளையிடும்போதோ தூக்கும்போதோ உடைந்ததா? புதிதாக உடைந்த முகம் சொரசொரப்பாக, பளிச்சென்று, பூச்சு இல்லாமல் இருக்கும். இயற்கை விரிசலின் முகத்தில் ஏதாவது படிந்திருக்கும்: கரும்பச்சையாகக் குளோரைட், வெண்மையாகக் கால்சைட் (நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும்), பித்தளை நிறத்தில் பைரைட். பைரைட் மங்காமல் இருந்தால் அந்த விரிசலுக்கு ஆக்சிஜன் உள்ள நீர் வரவில்லை என்பதற்கு அது நல்ல சான்று. மஞ்சள் கலந்த பழுப்புத் துருவாக இருந்தால், மேற்பரப்பு நீர் அதுவரை இறங்கியிருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். ஆனால் சிவப்பாகத் தெரிவதெல்லாம் துரு அல்ல. தொல்பழங்காலத்து வெந்நீர் விட்டுப்போன ஹெமடைட் என்ற இரும்புக் கனிமமாகவும் இருக்கலாம். நிறத்தை மட்டும் எழுதிவைக்காமல் கனிமத்தின் பெயரை உறுதிசெய்து எழுதுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால், நல்ல பாறை விலக்கப்படும் அல்லது கெட்ட பாறை ஏற்கப்படும்.

நீர் மாதிரியில் நடக்கும் பெரும்பிழை, துளையிடப் பயன்படுத்திய நீரையே ஆழ்நீர் என்று எடுத்து வருவது. இதைத் தவிர்க்க, துளைக்குள் விடும் நீரில் யுரனைன் என்ற ஒளிரும் சாயத்தை அளந்து கலக்கிறார்கள். பிறகு எடுக்கும் மாதிரியில் சாயம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் கலப்படம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான டிரிட்டியமும் இருக்கிறதா என்று பாருங்கள். 1950-களுக்குப் பிறகு வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகளால் மழைநீரில் கூடிய அந்தப் பொருள் ஆழ்நீரில் இருந்தால், ஒன்று மாதிரி கெட்டிருக்கிறது, அல்லது மேல்நீர் விரைவாக இறங்கும் வழி இருக்கிறது. இரண்டில் எது என்று தீர்க்காமல் அடுத்த துளைக்குப் போகக் கூடாது.

விரிசல்களின் எண்ணிக்கையைவிட, அவற்றில் எத்தனை நீரைக் கடத்துகின்றன என்பதே பெரிது. துளையின் ஒரு பகுதியை மேலும் கீழும் அடைத்து நீர் செலுத்தி அளக்க வேண்டும். சுவீடனில் 100 மீட்டர், 20 மீட்டர், 5 மீட்டர் நீளங்களில் இதைச் செய்தார்கள். ஃபோர்ஸ்மார்க்கில் 400 மீட்டருக்குக் கீழே நீரோடும் விரிசல்கள் சராசரியாக 100 மீட்டருக்கும் மேல் இடைவெளியில்தான் தென்பட்டன. ஓஸ்கார்ஷாம் நகராட்சியின் லக்செமாரைவிட அதை 2009-இல் தேர்ந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

நீரின் வேதியியலில் இரு பக்கமும் எல்லை உண்டு. உப்பு மிகுந்தால் பென்டோனைட் போதிய அளவு உப்பாது. உப்பு மிகக் குறைந்தால் அந்தக் களிமண் கரைந்து விரிசல் வழியே வெளியேறலாம். சல்பைடு கூடினால் செம்பை அரிக்கும். இவற்றின் இன்றைய அளவையும், சுரங்கம் தோண்டத் தொடங்கும் முன்னரே போதிய காலம் நீர்மட்டத்தையும் பதிவு செய்துவிடுங்கள். குடைந்த பின் நீரோட்டம் மாறிவிடும். இயல்பு நிலை என்னவென்று பிறகு அளக்க முடியாது.

8. பாதுகாப்பு வாதத்தைக் கட்டி, அடுத்தவர் கையில் கொடுங்கள்

இந்த இடம் ஏன் பாதுகாப்பானது என்பதைச் சான்றுகளோடு நிறுவுவதே பாதுகாப்பு வாதம். அதற்குப் பயன்படும் கணினி மாதிரி எதிர்காலத்தைச் சொல்வதில்லை. கலம் ஓட்டையானால், பனியுகம் வந்தால், நிலநடுக்கம் விரிசலை நகர்த்தினால், கழிவு எங்கே எவ்வளவு போகும் என்ற கேள்விகளுக்கு எல்லை வகுக்கிறது. வடக்கு நாடுகள் பனியுகத்தைக் கட்டாயம் கணக்கில் எடுக்கின்றன. பனிப்பாளத்தின் எடை நீங்கியதால் ஓல்கிலுவோட்டோவின் நிலம் இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் உயர்கிறது. வேறு நாட்டில் இந்த வேலையைச் செய்பவர்கள் அந்தப் பட்டியலை அப்படியே நகலெடுக்காமல், தங்கள் நிலத்துக்கு வரக்கூடியவற்றை எழுத வேண்டும்.

வாதத்தை எதிர்ப்பவரிடமே முதலில் கொடுங்கள். எஸ்.கே.பி. 2011-இல் உரிமத்துக்கு விண்ணப்பித்தது. ஆக்சிஜன் இல்லாத நீரிலும் செம்பு அரிக்கலாம் என்ற ஐயத்தை ஆய்வாளர்கள் எழுப்பியிருந்தனர். 2018-இல் நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றம் அந்த ஐயத்தை ஏற்று, கலத்தைப் பற்றி மேலும் சான்று வேண்டும் என்றது. கூடுதல் ஆய்வுகளைச் சமர்ப்பித்த பின் 2022 ஜனவரியில் அரசு ஒப்புதல் தந்தது. தாமதம்தான், ஆனால் கலம் உள்ளே போகும் முன் கேட்கப்பட்ட கேள்வி அது.

9. கீழே இறங்கிய பிறகும் தேர்ந்துகொண்டே இருங்கள்

இடம் தேர்வானதும் தேர்வு முடிந்துவிட்டதாக எண்ணுவது கடைசிப் பிழை. பின்லாந்தின் ஓங்கலோ சுரங்கத்தை 2004-இல் தோண்டத் தொடங்கினார்கள். 400 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறையை நேரில் பார்த்து உறுதிசெய்த பிறகே, 2015 நவம்பரில் புதைப்பிடத்துக்கான கட்டுமான உரிமம் கிடைத்தது. அதன் பிறகும் ஒவ்வொரு சுரங்கக் கிளைக்கும், ஒவ்வொரு கலக்குழிக்கும் தனி ஏற்பு விதி உண்டு. பெரிய விரிசல் குறுக்கிட்டாலோ, குழிக்குள் நிமிடத்துக்கு 0.1 லிட்டருக்கு மேல் நீர் கசிந்தாலோ, அந்தக் குழியில் கலம் இறங்காது. ஆகவே முதலாம் படியில் பரப்பளவைக் கணக்கிடும்போதே, தள்ளுபடியாகப்போகும் குழிகளுக்கும் சேர்த்து இடம் ஒதுக்க வேண்டும். இந்த உபரி இல்லாவிட்டால், ஐயத்துக்குரிய குழியையும் ஏற்கும்படி பொறியாளருக்கு நெருக்கடி வரும்.

எந்த அளவு தாண்டினால் இடத்தையே கைவிடுவோம் என்பதையும் இறங்கும் முன் எழுதிவையுங்கள். எழுதியதை ஆணையத்திடமும் ஊர் மன்றத்திடமும் ஒவ்வொரு நகல் கொடுத்துவிடுங்கள். பாறை உருளைகளையும், விலக்கப்பட்ட இடங்களின் கோப்புகளையும் தூக்கி எறியாதீர்கள். ஏன் விலக்கினோம் என்று ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் கேட்டால், அந்தப் பெட்டியைத் திறந்து காட்டத்தான் அவை இருக்கின்றன.